கெத்தும் இலையும் ஷாஃபிஈ அறிஞரின் எச்சரிக்கையும்

மதுவைப் பற்றி மார்க்கம் கூறும் தீர்ப்பில் முஸ்லிம்களுக்கு ஐயம் இருந்ததில்லை. ஆனால், புளித்த சாறாக இல்லாமல், வாடையும் வீசாமல், மரத்திலிருந்து பறித்த பச்சை இலையாக ஒன்று முன்னே வரும்போது, 'இது மதுவல்லவே' என்னும் சமாதானம் எளிதில் பிறந்துவிடுகிறது. கெத்தும் இலையின் வரலாறு பெரிதும் அந்தச் சமாதானத்தின் வரலாறேயாகும்.

தாய்லாந்தில் க்ராத்தோம் என்றும், மலாய் மொழியில் கெத்தும் என்றும் வழங்கும் இம்மரம் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. 25 மீட்டர் உயரம்வரை வளரக்கூடியது. தென் தாய்லாந்திலும், கெடா, பேராக், பினாங்குப் பகுதிகளிலும் வயலில் உழைப்போரும், ரப்பர் பால் வெட்டுவோரும், மீனவரும் இதன் இலையை நரம்பு நீக்கி மென்றனர். அல்லது காய்ச்சிக் குடித்தனர். வெயிலின் கொடுமையையும் உடலின் களைப்பையும் மறக்கச் செய்தது அது. வயிற்றுப்போக்குக்கும் நோவுக்கும் நாட்டு மருந்தாகவும் பயன்பட்டது.

அபினியின் வரலாற்றோடும் இவ்விலை பின்னிக் கிடக்கிறது. மலாயாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அபினிப் பழக்கத்தை விடுவதற்கு இது உதவும் என்று எழுதிவைத்தனர். அபினி வாங்க வகையற்றோர் இதனையே அதற்கு மாற்றாகவும் கொண்டனர். ஒரு தளையை அவிழ்க்க வந்தது மற்றொரு தளையாயிற்று. இதன் காரணம் பின்னரே விளங்கியது. 1921இல் எல்லன் ஃபீல்டு என்னும் அம்மையார் இலையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட மித்ராகினைன் என்னும் பொருள், மூளையில் அபினியின் சத்து பற்றிக்கொள்ளும் அதே இடங்களைப் பற்றுகிறது.

சட்டத்தின் போக்கும் சிந்திக்கத்தக்கது. தாய்லாந்து அரசு 1943இல் இம்மரத்தை நடுவதைத் தடை செய்தது. அந்நாளில் அபினி வரி அரசின் வருவாய்களுள் ஒன்று. மலிவான இலை அதற்குப் போட்டியாக நின்றதே தடைக்குக் காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1979இல் இது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. 2021 ஆகஸ்டு 24இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டமோ 18 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதனை விற்கக் கூடாதென்கிறது. மலேசியாவில் 2003 முதல் நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் இது கட்டுப்படுத்தப்பட்டது. எல்லைக்கு அப்பால் குற்றம், இப்பால் வணிகம்! ஆகவே, அரசாங்கத்தின் தடையோ அனுமதியோ ஒரு பொருளின் நன்மை தீமைக்கு உரைகல்லாகாது.

இலையின் குணந்தான் என்ன? சிறு அளவில் சுறுசுறுப்பூட்டும். அளவு கூடினால் மயக்கந்தரும். நெடுநாள் உண்டோரிடம் மலச்சிக்கலும், உடல் மெலிவும், முகங் கறுத்தலும் காணப்பட்டன. நிறுத்தினாலோ உடல் வலி, கண்ணீர், மூக்கொழுகல், உறக்கமின்மை ஆகியவை வாட்டும். மலேசியாவில் வழக்கமாக அருந்திய 293 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் இதற்குக் கடுமையாக அடிமைப்பட்டிருந்தனர். செறிவூட்டிய சாறும் தூளும் பச்சை இலையினும் கொடியவை. பிற மருந்துகளோடு கலந்தால் உயிருக்கே ஆபத்து. சுவீடனில் இவ்விலைத் தூளோடு வலிநிவாரணி ஒன்றைக் கலந்து விற்ற பொருளால் ஓராண்டுக்குள் ஒன்பது பேர் மாண்டனர்.

முஸ்லிம்கள் மிகுந்த பத்தானி, யாலா, நாராத்திவாட் மாநிலங்களில் இளைஞர் சிலர் இலைக் கஷாயத்தோடு இருமல் மருந்தையும் கோலா பானத்தையும் கலந்து அருந்தும் வழக்கம் பரவியது. மதுவைத் தொட அஞ்சிய கைகள் இதனைத் தயங்காமல் ஏந்தின. நம் நெஞ்சை உறுத்தவேண்டிய இடம் இதுவே.

இத்தகைய கேள்வி உலமாக்களுக்குப் புதியதன்று. 1511இல் மக்காவில் காப்பி தடை செய்யப்பட்டது; ஆனால் அது அறிவை மறைப்பதில்லை என்று தெளிந்தபின் அத்தடை நிலைக்கவில்லை. அதே நூற்றாண்டில் யமனின் காத் இலையைப் பற்றி இப்னு ஹஜர் ஹைதமீ அவர்களிடம் கேட்கப்பட்டது. தமிழகக் கடற்கரையும் பத்தானியும் ஒருங்கே பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் அவர். உண்டோர் சொன்ன செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டிருந்ததால் திட்டமாக ஹராம் என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. எனினும், ஐயத்துக்குரியதைத் தவிர்ப்பதே பேணுதல் என்று எச்சரித்து ஒரு நூலே எழுதினார்.

சான்று முரண்பட்டபோதே விலகி நிற்கச் சொன்னார் அப்பெரியார். கெத்தும் மனிதனை அடிமைப்படுத்தும் என்பதற்கோ இன்று சான்று தெளிவாகவே இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காக வெயிலில் நின்று இலை மென்ற ஏழை உழைப்பாளியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவனுக்கு வேண்டியது இரக்கமும் மருத்துவமும். ஆனால், நம் பிள்ளைகள் 'இது மதுவல்லவே' என்று சொல்லும் நாளில் நாம் வாளாவிருத்தல் ஆகாது. பெயர் எதுவாயினும், தொழுகைக்கு நிற்கும் மனிதனின் அறிவைத் திரையிடுவது எதுவோ, அதிலிருந்து விலகுவதே பேணுதலாகும்.