சைலன்டில் வைத்தும் அலாரம் ஏன் அடிக்கிறது? திறன்பேசி ஒலியளவின் சிறு வரலாறு

தேர்வுக் காலத்தில் மாணவர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டு அடிக்கடி காதில் விழும். "போன சைலன்ட்லதான் வச்சிருந்தேன் டீச்சர், ஆனா பையில அலாரம் அடிச்சிருச்சு." இது ஒன்று. "அலாரம் வச்சேன் டீச்சர், சத்தமே வரல." இது இன்னொன்று. இரண்டையும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. திறன்பேசியின் வரலாற்றில் இரண்டுமே நடந்திருக்கின்றன.

பழைய வானொலிப் பெட்டிக்கு ஒரே ஒரு குமிழ். திருகினால் கூடும், குறையும், அவ்வளவுதான். தொலைபேசி அப்படியில்லை. 1949இல் அமெரிக்காவில் வெளிவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 500 ரகத் தொலைபேசியின் அடிப்பக்கத்தில், மணியோசையை மட்டும் கூட்டிக் குறைக்க ஒரு சிறு சக்கரம் இருந்தது. கூப்பிடும் ஓசை வேறு, பேசும் குரல் வேறு என்ற பிரிவு அப்போதே வந்துவிட்டது.

பிறகு கைப்பேசி பாட்டும் பாடத் தொடங்கியது. 2005இல் சோனி எரிக்சன் டபிள்யூ800 'வாக்மேன்' என்ற பெயரோடே வந்தது. பாட்டை மெதுவாக வைத்தால் அழைப்பு மணியும் மெதுவாகிவிடக் கூடாது, இல்லையா? பாட்டு, காணொளி ஆகியவற்றுக்குத் தனி ஒலியளவு தேவைப்பட்டதற்கு இதுதான் காரணம்.

2007இல் வந்த ஐபோனின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருந்தது. அதைத் தள்ளினால் அழைப்பு மணியும் செய்தி ஓசையும் அடங்கும். அலாரம் அடங்காது. அழைப்பு பிறர் எழுப்பும் சத்தம், அலாரமோ நாமே கேட்டு வைத்தது, அதை எப்படி அடக்குவது? இந்த வடிவமைப்புக்குச் சொல்லப்பட்ட நியாயம் இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2012 ஜனவரி 10ஆம் நாள் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு மாலரின் ஒன்பதாவது சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. முடிவுப் பகுதி, மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கும் அளவுக்கு அமைதி. முன்வரிசையில் ஓர் ஐபோன் 'மரிம்பா' ஓசையோடு அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. நடத்துநர் ஆலன் கில்பர்ட் வாசிப்பையே நிறுத்திவிட்டார். போனின் உரிமையாளர் அதைச் சைலன்டில்தான் வைத்திருந்தார். புதிதாகக் கைக்கு வந்த போன், அதில் அலாரம் இருந்ததே அவருக்குத் தெரியாது. விசையைத் தள்ளினால் எல்லாமே அடங்கத்தான் வேண்டும் என்று ஒரு சாராரும், அலாரம் விதிவிலக்காக இருப்பதே சரி என்று மறு சாராரும் அப்போது வாதாடினார்கள்.

ஆண்ட்ராய்டு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இல் குறுக்கீடே வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் அலாரமும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டது. காலையில் எழ வேண்டியவர்கள் சும்மா இருப்பார்களா? மறு ஆண்டு வந்த 6.0இல் 'முழு அமைதி', 'அலாரம் மட்டும்' என்று தனித்தனித் தேர்வுகள் சேர்ந்தன.

பக்கவாட்டுப் பொத்தான் கதையும் இப்படித்தான். முன்பு எதுவும் ஓடாத நேரத்தில் அதை அழுத்தினால் ஆண்ட்ராய்டில் அழைப்பு மணியே மாறும். 2018இல் வந்த 9ஆம் பதிப்பு முதல் பாட்டு, காணொளியின் ஒலியளவு மாறுகிறது. பொத்தானைக் கடைசிவரை இறக்கிவிட்டு 'போன் சைலன்ட்' என்று நம்புகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். கேட்டல் பயிற்சிக்கு ஒலிப்பதிவு போடும் ஆசிரியர்களுக்கு இந்த மாற்றம் வசதி, அது வேறு விஷயம். 2023இல் வந்த 14ஆம் பதிப்பு அழைப்பு மணியையும் அறிவிப்பு ஓசையையும் பிரித்தது. அதே ஆண்டு ஐபோன் 15 புரோவில் அந்தப் பழைய விசை போய், பல வேலை செய்யும் பொத்தான் வந்தது.

அலாரம் கேட்காமல் போவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஆண்ட்ராய்டில் அலாரத்துக்கென்றே தனி ஒலியளவு இருக்கிறது. ஐபோன் 2007 முதல் நெடுங்காலம் அழைப்பு மணியின் அளவையே அலாரத்துக்கும் பயன்படுத்திவந்தது. இரவில் தொல்லை வேண்டாமென்று மணியைக் குறைத்தவருக்கு, விடியற்காலை அலாரமும் முனகலாகவே வரும். தேர்வுக்கு முந்தின இரவு ஒரு நிமிடம் தள்ளி ஓர் அலாரம் வைத்து, சத்தத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்க.

வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்கு இதைத் தலைப்பாகவும் தரலாம்: சைலன்டில் வைத்த கைப்பேசியில் அலாரம் அடிக்கலாமா, கூடாதா? 2012இல் பிரிந்த மாதிரியே வகுப்பும் இரண்டாகப் பிரியும்.