பைமோலின் இளம் வேதியர்கள்

மறைபரப்புப் பணியின் வரலாற்றைப் படிக்கும்போது நம் கண்முன் வருபவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. கடல் கடந்து வந்த குருக்கள், அவர்களை வரவேற்ற அல்லது விரட்டிய அரசர்கள், ஆலயம் எழுப்பப் பொருள் தந்த செல்வர்கள் ஆகியோரைப் பற்றியே ஏடுகள் பேசுகின்றன. சிறுவர்கள் இடம்பெற்றாலும் பெறுகின்றவர்களாகவே இடம்பெறுகின்றனர். அவர்களுக்குப் பள்ளி கட்டப்படுகிறது, செபங்கள் கற்பிக்கப்படுகின்றன, பரிசுகள் வழங்கப்படுகின்றன.

வட உகாண்டாவில் வாழும் அச்சோலி மக்களிடையே திருச்சபை வேரூன்றிய வரலாறு இதற்கு விலக்கானது. அங்கே இரு சிறுவர்கள் கொடுக்கின்றவர்களாக நிற்கின்றனர். ஒருவர் பெயர் தாவுதி ஒகெலோ. தாவீது என்ற பெயரின் வழக்கு அது. மற்றவர் ஜில்தோ இர்வா. 1918-இல் கொல்லப்பட்டபோது முன்னவருக்கு ஏறத்தாழ 16 வயது. பின்னவருக்கு ஏறத்தாழ 12 வயது. இருவரும் வேதியர்கள், நம் ஊர் வழக்கில் சொன்னால் உபதேசியார்கள்.

கொம்போனியாரின் திட்டம்

இச்சிறுவர்களின் பணியைப் புரிந்துகொள்ள, அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். இத்தாலி நாட்டவரான தானியேல் கொம்போனி 1857-இல் இளங்குருவாக வெண் நைல் ஆற்றுப் பகுதிக்குப் புறப்பட்டார். உடன் சென்றோர் சிலரைக் காய்ச்சல் பலிகொண்டது. அவரும் நோயுற்று 1859-இல் தாயகம் திரும்பினார். இனி ஐரோப்பியர் அங்கே சென்று பயனில்லை என்று பலர் எண்ணிய காலம் அது. கொம்போனியாரோ 1864-இல் ஒரு திட்டத்தை வகுத்தார். ஆப்பிரிக்காவை மீட்க வேண்டியவர்கள் ஆப்பிரிக்க மக்களே. வெளிநாட்டு மறைப்பணியாளர் அவர்களை ஆயத்தப்படுத்தி, பணியை அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். இதுவே அத்திட்டத்தின் சாரம். 1867-இல் வெரோனாவில் அவர் தொடங்கிய சபை இந்நோக்குடனேயே வளர்ந்தது. 1881-இல் கார்த்தூமில் அவர் உயிர் நீத்தார்.

அவருடைய மைந்தர்கள் 1911-இல் குலுவிலும், 1915-இல் கிட்கும் என்னும் ஊரிலும் மறைப்பணித்தளம் அமைத்தனர். அச்சோலி மொழியை அவர்கள் மக்களிடமிருந்தே கற்றாக வேண்டும். ஊர்களோ ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் சிதறிக் கிடந்தன. குருக்களோ மிகச் சிலர். ஆகவே வேதியர் இல்லாமல் அங்கே மறைப்பணியே இல்லை என்பது நிலைமை. அவ்வேதியர்களும் தொடக்கத்தில் இளைஞர்களாகவே அமைந்தனர். புதிய மொழியொலிகளையும் புதிய செபங்களையும் மனத்தில் இருத்தும் ஆற்றலும், ஊர் விட்டு ஊர் செல்லும் துணிவும் அவர்களிடமே இருந்தன.

1916ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கிட்கும் பணித்தளத்தில் அருள்தந்தை செசாரே கம்பரெத்தோ திருமுழுக்கு அளித்தவர்களுள் தாவுதியும் ஜில்தோவும் இருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் இருவரும் உறுதிபூசுதல் பெற்றனர். தாவுதி அமைதியானவர், கூச்சம் மிக்கவர், கடமையில் தவறாதவர். ஜில்தோ துடிப்பானவர், விளையாட்டினால் சிறுவர்களை எளிதில் தம்பால் ஈர்த்துக்கொள்பவர்.

முரசொலியும் செபமாலையும்

பைமோல் கிட்கும் நகரிலிருந்து வெகுதொலைவில் இருந்த ஊர். அங்கே பணியாற்றிய அந்தோனியோ என்னும் வேதியர் இறந்துவிடவே, அவ்விடத்திற்குத் தம்மை அனுப்புமாறு தாவுதி வேண்டினார். ஜில்தோவும் உடன் செல்ல முன்வந்தார். அருள்தந்தை கம்பரெத்தோ உடனே இசையவில்லை. வழி நெடியது; அப்பகுதியில் சண்டையும் கொள்ளையும் மிகுந்திருந்தன; இவர்களோ சிறுவர்கள். கொன்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற அவர் வினாவுக்கு, சாவுக்குத் தாம் அஞ்சவில்லை என்றும், இயேசுவும் நமக்காக இறந்தாரல்லவா என்றும் தாவுதி மறுமொழி கூறினார். இறுதியில் குருவானவர் ஆசி வழங்கி அனுப்பினார். 1917ஆம் ஆண்டின் இறுதியில் இருவரும் பைமோல் சேர்ந்தனர்.

அங்கே அவர்களின் அன்றாட வாழ்க்கை எளியது. விடியற்காலையில் தாவுதி முரசறைவார். மறை கற்போர் கூடுவர். காலைச் செபமும் செபமாலையும் நடைபெறும். பின்னர் மக்களுடன் வயல் வேலை. மற்றொரு வேளையில் மறைக்கல்வி. வினாவையும் விடையையும் இசையோடு சொல்லி, திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதிப்பர். சின்னக் குறிப்பிடத்தை இராகம் போட்டு ஒப்புவித்த நம் முன்னோரின் முறையும் இதுவே. அருகிலிருந்த சிற்றூர்களுக்குச் சென்று, ஆடு மாடு மேய்க்கும் சிறுவர்களையும் சந்திப்பர். கதிரவன் சாயும் வேளையில் மீண்டும் செபம். அன்னை மரியாவுக்கு ஒரு பாடல். குருவானவர் இல்லாத ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்தியவர்களும் இவர்களே. ஓராண்டு காலம் பைமோலில் திருச்சபை என்பது இவ்விரு சிறுவர்களின் குரல்தான்.

1918 அக்டோபர்

ஆங்கிலேயரின் மாவட்ட ஆட்சி, பைமோல் பகுதியின் தலைமையை ஒருவரிடமிருந்து பறித்து வேறொருவருக்கு அளித்தது. மக்களிடையே சினம் மூண்டது. அன்னியர் ஆட்சியும் அன்னியர் கொணர்ந்த சமயமும் ஒன்றே என்று சிலர் கருதினர். அவர்களுடைய வெறுப்பு, கைக்கு எட்டிய தொலைவிலிருந்த இவ்விருவர் மீது திரும்பியது.

அக்டோபர் 18 முதல் 20 வரையிலான நாள்களுள் ஒன்றில், பொழுது புலருமுன், ஆயுதம் தாங்கிய சிலர் அவர்களின் குடிசைக்கு வந்தனர். இவர்கள் என் விருந்தினர், இவர்களைக் கொல்லக்கூடாது என்று ஊர்ப் பெரியவர் தடுத்தார். மறைக்கல்வி கற்பிப்பதை விட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடுமாறு வந்தவர்கள் வற்புறுத்தினர். சிறுவர்கள் இசையவில்லை. தாவுதி ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். தாங்கள் இருவரும் சேர்ந்தே வந்தோம், சேர்ந்தே கடவுளின் வார்த்தையைக் கற்பித்தோம். தாவுதியைக் கொன்ற காரணம் தமக்கும் பொருந்தும் என்று ஜில்தோ கூறினார். அவரையும் கொன்றனர்.

அவர்களின் எலும்புகள் 1926-இல் கிட்கும் ஆலயத்திற்குக் கொண்டுவரப்பட்டன. உயிர் நீத்த இடத்தை மக்கள் ‘வி-போலோ’ என அழைக்கலாயினர். விண்ணகத்தில் என்பது அதன் பொருள்.

எழும் வினா

இவ்வரலாற்றைப் படிக்கும் பெற்றோர் எவரும் ஒரு வினாவைத் தவிர்க்க இயலாது. பன்னிரண்டு வயதும் நிரம்பியிராத ஒரு பிள்ளையை அத்தகைய இடத்திற்கு அனுப்பியது முறையா? அக்காலத்து அச்சோலிச் சமூகத்தில் அவ்வயதுச் சிறுவர்கள் மந்தை மேய்த்து, வயலில் உழைத்து, பெரியவர்களின் பொறுப்புகளைச் சுமந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அது முழு விடையாகாது. குருவானவரின் தயக்கமே அவ்வினாவின் நியாயத்தைக் காட்டுகிறது. பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்துவது திருச்சபையின் நெறியன்று. திருச்சபை போற்றுவது அந்த ஆபத்தை அன்று. அதன் நடுவிலும் நம்பிக்கையைக் கைவிடாத பிள்ளைகளின் உள்ளத்தையே போற்றுகிறது. சிறுவர்களின் நம்பிக்கை எவ்வளவு உண்மையானதோ, அவ்வளவு பெரிது அவர்களைக் காக்கும் கடமை.

இக்கடமையை அச்சோலி நாடு பின்னாளில் மிகக் கொடிய முறையில் கற்றுக்கொண்டது. 1987 முதல் அங்கே ‘ஆண்டவரின் எதிர்ப்புப் படை’ என்று தன்னை அழைத்துக்கொண்ட கூட்டம் 20,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைக் கடத்திச் சென்றது. அவர்களுள் பலர் கையில் துப்பாக்கியைத் திணித்தது. கடவுளின் பெயரைச் சொல்லியே இக்கொடுமை நிகழ்ந்தது. கடத்தலுக்கு அஞ்சிய பிள்ளைகள் மாலைதோறும் சிற்றூர்களிலிருந்து நடந்துவந்து, நகரத்தின் ஆலய வளாகங்களிலும் மருத்துவமனைகளிலும் தெருவோரங்களிலும் படுத்துறங்கி, விடிந்தபின் வீடு திரும்பினர்.

அந்தப் போர் ஓயாத நாள்களில்தான், 2002 அக்டோபர் 20-இல், மறைபரப்பு ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தாவுதியையும் ஜில்தோவையும் முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தார். அடுத்த ஆண்டு, அப்போதைய குலு பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமா பிற சமயத் தலைவர்களுடன் சேர்ந்து, நான்கு இரவுகள் அப்பிள்ளைகளோடு திறந்த வெளியில் படுத்துறங்கினார். உலகம் அவர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். முரசறைந்து சிறுவர்களைச் செபத்திற்கு அழைத்ததும் சிறுவர் பணி. அஞ்சி உறங்கும் சிறுவர்களின் அருகில் தலைசாய்த்ததும் சிறுவர் பணியே. 2006-இல் அப்பகுதியில் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

நமக்கு

பிரான்சு நாட்டு ஆயர் ஃபொர்பின்-ஜான்சன் 1843-இல் தொடங்கிய பாலர் சபை, சிறுவர்கள் சிறுவர்களுக்கு உதவ வேண்டும் என்னும் எண்ணத்தில் பிறந்தது. நம் முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் 1540-களில் நோயாளிகளிடம் செபிக்க அனுப்பியவர்களும் சிறுவர்களே. அம்மரபின் பொருளை நாம் மறந்துகொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது. நம் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு பல வேளைகளில் தேர்வுக்கான பயிற்சியாகவும், பிள்ளைகள் ‘நாளைய திருச்சபை’யாகவும் மட்டுமே கருதப்படுகின்றனர். நாளைக்கு என்று ஒதுக்கி வைக்கும்போது, இன்று அவர்கள் தரக்கூடியதைப் பெறாமல் போகிறோம்.

பைமோலின் முதியவர்கள் ஒரு சிறுவனிடமிருந்து செபிக்கக் கற்றனர். நம் இல்லத்திலும் படுக்கையில் கிடக்கும் பாட்டியின் அருகில் அமர்ந்து செபமாலை சொல்லவும், வகுப்பில் ஒதுக்கப்பட்ட தோழனைத் தேடிச் செல்லவும் ஒரு பிள்ளையால் இயலும். அதற்கு இடம் கொடுப்பதும், அதனால் அவர்களுக்குத் தீங்கு நேராமல் காப்பதும் பெரியவர்களாகிய நம் பொறுப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் பங்கில், பைமோல் முரசு இன்னும் ஒலிக்கும்.