மெஷின் ஓடுது... ஆக்ஸிஜன் வருதா? வீட்டிலேயே செக் பண்ண 5 நிமிஷம் போதும்!

கூடத்து மூலையில் கான்சென்ட்ரேட்டர் ‘புஸ்... புஸ்...’னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு. பச்சை விளக்கு எரியுது. மூக்கில் குழாயும் மாட்டியாச்சு. ஆனா, அப்பாயிக்கு மூச்சு வாங்குறது மட்டும் குறையவே இல்லை. இந்த நேரத்தில் நீங்கள் முதலில் எங்கே பார்ப்பீர்கள்?

மெஷின் ஓடுறது வேற; ஆக்ஸிஜன் மூக்கு வரைக்கும் போய்ச் சேர்றது வேற. நடுவில் ஒரு மூடி கோணலாக இருந்தாலோ, குழாய் மேல் கட்டில் கால் ஏறியிருந்தாலோ, காற்று பாதி வழியிலேயே நின்றுவிடும். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

தகப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளையின் ஊர் சுவாமிமலை. இந்த விஷயத்தில் டெல்டா வீடுகளிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். கோயிலின் 60 படிகளையும் ஒரே மூச்சில் ஏறிய தாத்தாவுக்கு இன்று மெஷினைப் புரியவைக்க வேண்டியவர் பேரனோ பேத்தியோதான். சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் வீடியோ காலில் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

முதலில் ஆளைப் பாருங்கள்

உதடு, நகம் நீலமாகுதா? ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகப் பேச முடியலையா? வழக்கத்துக்கு மாறாகக் குழப்பமாகப் பேசுறாங்களா, எழுப்பினாலும் தூங்கி விழுறாங்களா? அப்படின்னா செக் பண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 108-க்கு போன் போடுங்கள். தயார் நிலையில் சிலிண்டர் இருந்தால், டாக்டர் சொன்ன அதே அளவில் அதற்கு மாற்றுங்கள். கீழே உள்ளதெல்லாம் ஆள் தெளிவாக இருக்கும்போது செய்ய வேண்டியவை.

மூக்கில் தொடங்கி மெஷின் வரை

1. டம்ளர் டெஸ்ட்: சுத்தமான தண்ணீர் உள்ள டம்ளரில் மூக்குக் குழாயின் இரண்டு முனைகளையும் முக்குங்கள். குமிழி விடாமல் வந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம். பிறகு முனைகளை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது மட்டும் ஆக்ஸிஜன் விடுகிற, தோளில் மாட்டும் சின்ன மெஷின்களுக்கு இந்த டெஸ்ட் பொருந்தாது.

2. குழாய்: மடிப்பு, முறுக்கு, கதவு இடுக்கு, நாற்காலிக் கால் என்று கையால் தடவிக்கொண்டே போங்கள். உள்ளே தண்ணீர்த் துளி நின்றாலும் தடைதான். கொல்லை வரைக்கும் எட்டணும்னு நீளமாக இணைக்காதீர்கள். மொத்த நீளம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் மெஷினின் கையேட்டில் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

3. தண்ணீர் பாட்டில்: பெரும்பாலும் கோளாறு இருக்கும் இடம் இதுதான். பாட்டிலில் குமிழி வரவில்லை என்றால் மூடியைக் கழற்றி, மரை சரியாக உட்காரும்படி திருப்பி மூடுங்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, மூக்குப் பக்கத்தில் குழாயைச் சில விநாடிகள் மடித்துப் பிடியுங்கள். ஃப்ளோமீட்டரின் குண்டு கீழே இறங்க வேண்டும். பல பாட்டில்களில் ‘பீப்’ என்று விசில் மாதிரி சத்தமும் வரும். குண்டு அசையாமல் அப்படியே நின்றால் எங்கோ கசிகிறது. பாட்டிலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர் அல்லது கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கோட்டளவுக்கு ஊற்றி, தினமும் மாற்றுங்கள்.

4. குண்டு நிற்கும் இடம்: நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். குனிந்து, கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு.

5. ஃபில்டர்: அறுவடை நேரத்தில் நெல் தூசி பறக்கும் ஊர் நம்முடையது. வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். மெஷினைச் சுவரை ஒட்டியோ, திரைச்சீலைக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். ஒரு அடியாவது இடைவெளி வேண்டும்.

பரணில் கிடந்த 2021 மெஷினா? உஷார்!

டம்ளரில் குமிழி வந்தால் காற்று வருதுன்னுதான் அர்த்தம். அது ஆக்ஸிஜனா என்று குமிழி சொல்லாது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவிகிதம்தான். கான்சென்ட்ரேட்டருக்குள் இருக்கும் ‘ஜியோலைட்’ என்ற மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வெளியே வரும்போது அது 90 சதவிகிதத்துக்கு மேல் போகிறது. அந்த மணிகளுக்கு ஈரம்தான் எதிரி. 2021 கொரோனா இரண்டாவது அலையில் அவசரமாக வாங்கிய மெஷின்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. மழைக்கால ஈரத்தில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்த மெஷினை ‘சொந்தக்காரர் கொடுத்தார்’ என்று அப்படியே மாட்டினால், சாதாரணக் காற்றையே குழாய் வழியாகக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

அதனால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு, ஆக்ஸிஜன் அனலைசர் வைத்துத் தூய்மையை அளந்த பிறகே பயன்படுத்துங்கள். டாக்டர் சொன்ன அளவிலேயே ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள். ‘1-7 லிட்டர்’ என்று விற்கப்படும் சில சின்ன மெஷின்களில் அளவைக் கூட்டக் கூட்டத் தூய்மை இறங்கிவிடும். மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ‘கொஞ்ச நேரத்துல சரியாயிடும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

‘கொஞ்சம் கூட்டி வைப்போமா?’

வேண்டாம். ஆக்ஸிஜனும் ஒரு மருந்துதான். சி.ஓ.பி.டி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு, ஆக்ஸிமீட்டரில் 88-92 இருந்தால் போதும் என்றுதான் பொதுவாக டாக்டர்கள் வைத்திருப்பார்கள். 98 வரட்டும் என்று கூட்டினால், உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து தலைவலி, மந்தம், மயக்கம் வரை போகலாம்.

அதேபோல, ‘இப்ப நல்லாத்தான இருக்கு’ என்று கழற்றிவைப்பதும் தப்பு. 1980, 81-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரண்டு முக்கியமான ஆய்வுகளுக்குப் பிறகுதான், ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்த சி.ஓ.பி.டி நோயாளிகளுக்கு தினமும் குறைந்தது 15 மணி நேரம் என்ற கணக்கு நிலைத்தது. அந்த 15 மணி நேரமும் கசியும் பாட்டில் வழியாகப் போனால் என்ன பிரயோஜனம்?

ஆக்ஸிமீட்டர் மாட்டும்போது கை சூடாக இருக்கட்டும், நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலைப் பாருங்கள், எண் நிலையாக நிற்க ஒரு நிமிஷம் கொடுங்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி சில நேரம் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டலாம் என்று 2020-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், ஆளை நம்புங்கள், டாக்டரிடம் பேசுங்கள்.

கரண்ட் போனால்?

2018 நவம்பர் கஜா புயலில், டெல்டாவின் பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று அதை ஏறக்குறைய 3 மணி நேரம்தான் தாங்கும். எனவே சிலிண்டர் கட்டாயம்.

கணக்கு சுலபம். முழுசாக நிரப்பிய ‘பி டைப்’ சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிஷம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். கேஜ் முள் பாதியில் நின்றால் நேரமும் பாதிதான். வாரம் ஒருமுறை முள்ளைப் பாருங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வையுங்கள். வால்வு இறுகிப்போச்சுன்னு தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது. அழுத்தமான ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

விளக்கு, சாம்பிராணி, பீடி

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். காற்றை ஊதியதும் கரி எப்படிக் கனன்று சிவக்கிறது! அது வெறும் 21 சதவிகித ஆக்ஸிஜனுக்கே. உங்கள் மெஷினிலிருந்து வருவது 90-க்கு மேல். ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால், போர்வை, சேலை, தலைமுடியில் தங்கியிருந்து ஒரு பொறியைப் பெருந்தீயாக்கும்.

பூஜை விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, கேஸ் அடுப்பு எல்லாம் குறைந்தது 10 அடி தள்ளி இருக்கட்டும். அந்த அறையில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. மூக்கு காய்ந்தால் எண்ணெய், தைலம், வாஸ்லின் வேண்டாம். தண்ணீர் கலந்த ஜெல் எதுவென்று டாக்டரிடம் கேளுங்கள். பயன்படுத்தாதபோது மெஷினை ஆஃப் செய்யுங்கள்.

இன்னிக்கே ஒரு சீட்டு

மெஷின் மேல் ஒரு தாளை ஒட்டுங்கள். டாக்டர் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆக்ஸிமீட்டரில் இருக்க வேண்டிய எண், டாக்டர் மற்றும் சர்வீஸ் ஆள் நம்பர், 108. இதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ராத்திரி 2 மணிக்கு நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், வீட்டில் இருக்கிறவங்களுக்கு அந்தச் சீட்டு வழி சொல்லும்.