பூசலார் நினைவும் காடவர்கோன் கனவும்

தொண்டைநன்னாட்டுத் திருநின்றவூரிலே மறையவர் குலத்துத் தோன்றிய பூசலார் சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க விழைந்தார். அதற்கு வேண்டும் பொருள் எங்குந் தேடியும் கிடைத்திலது. ஆதலின் கல்லும் கருவியும் தச்சரும் ஆகிய யாவற்றையும் நினைவினாலே தேடிக்கொண்டு, நல்ல நாளில் அடிநிலை இட்டு, இரவினும் உறங்காது, சிகரமும் சுதைவேலையும் கிணறும் மதிலும் ஈறாக அகத்தே ஒரு கோயிலை முடித்தனர். அந்நாளிற் கச்சியிற் காடவர்கோன் கற்றளியொன்று முற்றுவித்து, மறுநாள் தாபனம் செய்யக் கருதித் துயின்றான். இறைவன் அவன் கனவிற்றோன்றி, அந்நாள் தமக்குப் பூசலார் கோயில் புகும் நாளென அறிவித்து, அவன் விழாவைப் பின்னர்க் கொள்ளுமாறு பணித்தருளினான். அரசன் நின்றவூர் சென்று கோயில் யாண்டுள்ளதென வினவ, அங்ஙனம் ஒன்றும் இல்லை என்றனர் ஊரார்.

இவ்வரலாறு நூல்களில் வளர்ந்த முறை நோக்கத்தக்கது. நம்பியாரூரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவரை மறையோதும் நாவினர், நின்றவூரினர் என்ற அளவில் அமைகின்றனர். நம்பியாண்டார் நம்பிகள் தம் அந்தாதியில், அவர் இராத்தோறும் துயிலாது மனத்தே கோயிலை எண்ணி அருள்பெற்றமை கூறினர். அரசனையும் கனவையும் ஆண்டுக் காண்கிலோம். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமானே அவற்றை விரித்துரைக்கின்றார். உறங்காதவர் இரவொன்று, உறங்கினவன் இரவொன்று. இவ்விரண்டும் எதிர்ப்படுமிடத்தே அப்புராணத்தின் சுவை முழுதும் நிற்கின்றது. வறியவர் இருளிற் கண்ட கோயிலைச் செல்வன் காண்பதற்கு ஒரு கனவு வேண்டியிருந்தது போலும்!

காடவர்கோன் பெயரைச் சேக்கிழார் சுட்டிற்றிலர். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த இராசசிம்ம பல்லவனே அவன் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அக்கோயில் விமானத்தைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட வடமொழிச் சாசனம், அவ்வேந்தனைச் சைவசித்தாந்த நெறியில் நின்று மலம் நீங்கினவன் எனப் புகழ்கின்றது. சித்தாந்தத்தின் பெயர் கல்லிற் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் இஃது ஒன்றாதலின் சைவர் போற்றற்குரியது. அச்சாசனமே, துஷ்யந்தன் முதலிய முன்னை அரசர் கேட்ட அசரீரியைக் கலியுகத்தில் ஸ்ரீபரன் என்னும் இவனும் கேட்டமை வியப்பென்கின்றது.

இதனைக் கண்டவுடன் கனவு நிறுவப்பட்டதெனத் துணிதல் தகாது. சாசனம் கனவென்று கூறவில்லை. பூசலார் பெயரும் அதன்கண் இல்லை. ஆயினும் அசரீரி கேட்ட அரசன் என்னும் புகழ் அவ்வேந்தன் காலத்திலேயே கல்லில் ஏறிவிட்டது. ஏறக்குறைய 400 ஆண்டு கழித்துச் சேக்கிழார் பாடுங்கால் அதன் நினைவு தொண்டைநாட்டார் வாயில் வழங்கியிருத்தல் கூடும். கனவினைப் பிற்காலப் புனைவென எளிதில் ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அக்கோயிலின் சுற்றாலையில் 50-க்கு மேற்பட்ட சிறு சந்நிதிகள் உள. அவற்றுட் சிலவற்றின் உட்சுவர்களிற் பல்லவர்கால ஓவியங்கள், பின்னாளிற் பூசிய சுண்ணச்சாந்தின் கீழ் மறைந்து கிடந்தன. 1931-இற் புதுச்சேரி அறிஞர் ழுவோ துப்ரேய் அவற்றைக் கண்டறிந்தார். சோமாஸ்கந்தர் ஓவியமொன்று சிதைந்த நிலையிலும் கோடும் வண்ணமும் தெரிய இன்றும் நிற்கின்றது. அதனை வரைந்த கையினர் யாவர் என்பதற்குக் கல்லிலும் ஏட்டிலும் குறிப்பில்லை.

ஊரார் இல்லையென்ற கோயிலோ, இருதயாலீசுவரம் என்னும் பெயரால் இன்று கல்லாலே அமைந்து திருநின்றவூரில் விளங்குகின்றது. அதன் கருவறையில் இறைவர்க்கு அருகே பூசலாரும் எழுந்தருளியுள்ளார்.