வத்திக்கானும் பேகம்பேட்டையும் பங்கிட்ட வானம்

கத்தோலிக்க நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவு பற்றிப் பேச்செடுத்தால், நம் கருத்தரங்குகளில் இரண்டு அணிகள் உடனே உருவாகிவிடுகின்றன. ஓர் அணி 1633ஆம் ஆண்டின் கலிலியோ விசாரணையை முன்வைக்கும். மற்றோர் அணி துறவி மெண்டலையும் குருவானவர் லெமைத்ரையும் சான்றுக்கு அழைக்கும். இரு அணிகளும் பெருமனிதர்களின் வாழ்க்கையிலிருந்தே விடை தேடுகின்றன. அறிவியல் ஒரு நிறுவனமாக, கூட்டு உழைப்பாக நடைபெறும் இடத்தில் இந்த உறவு எப்படி இருந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அதற்குரிய நல்ல சான்று ஒன்று ஹைதராபாத்தோடு தொடர்புடையது.

1887 ஏப்ரலில் பாரிஸில் கூடிய வானியல் மாநாடு, வானம் முழுவதையும் ஒளிப்படமாக்கும் திட்டத்தை வகுத்தது. 'கார்த் து சியேல்' என்பது அதன் பெயர். வான நடுவரைக்கு இணையாக வானத்தைப் பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்கு ஒன்றாகப் பதினெட்டு வானோக்கு நிலையங்களிடம் பகிர்ந்தளித்தார்கள். தகட்டின் ஒரு மில்லிமீட்டர் வானத்தில் ஒரு கலைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. தகட்டில் பதிந்த விண்மீன்களின் இடத்தை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக அளந்து அட்டவணை தயாரிப்பதே பெரும்பணி.

இத்திட்டத்தில் வத்திக்கான் சேர்ந்ததற்கு அரசியல் பின்னணி உண்டு. 1870இல் உரோமை நகரம் இத்தாலிய அரசின் கைக்குப் போயிற்று. விண்மீன்களை நிறமாலையால் வகைப்படுத்திய இயேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி 1878இல் மறைந்தபின், அவர் பணியாற்றிய உரோமைக் கல்லூரி வானோக்கு நிலையமும் அரசுடைமையாயிற்று. நிலமும் நிலையமும் இழந்த நிலையில், 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வத்திக்கான் வானோக்கு நிலையத்தைப் புதிதாக நிறுவினார். திருச்சபை அறிவியலுக்குப் பகை என்ற குற்றச்சாட்டை மறுப்பதே நோக்கம் என்று நிறுவன ஆவணமே வெளிப்படையாகக் கூறுகிறது. முதல் இயக்குநர் பிரான்செஸ்கோ தென்சா. நிலையத்துக்குக் கிடைத்தது வடக்கு 55 முதல் 64 பாகை வரையிலான பட்டை.

படமெடுப்பது ஒருவாறு நடந்தது, அளப்பதற்கு ஆளில்லை. 1906இல் பொறுப்பேற்ற இயேசு சபைக் குரு யோகான் ஹாகனின் காலத்தில், குழந்தை மரியா சபையின் அருட்சகோதரிகள் இப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். 1910 முதல் 1921 வரை எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா பினார்தி, லூயிஜா பன்சேரி ஆகிய நால்வரும் 4,81,215 விண்மீன்களின் இடங்களை அளந்தனர். இப்பெயர்கள் பரவலாக வெளிவந்தது 2016இல்தான்.

ஹைதராபாத்தின் பங்கு வேறு வழியில் தொடங்கியது. வானியலில் ஈடுபாடு கொண்ட நவாப் ஜாபர் ஜங் 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து, 1901இல் தம் செலவில் வானோக்கு நிலையம் அமைத்தார். நிஜாமின் பெயரைச் சூட்டிய அந்த நிலையம், அவர் மறைவுக்குப்பின் 1908இல் நிஜாம் அரசின் பொறுப்புக்கு வந்து பேகம்பேட்டையில் நிலைகொண்டது. தென்னமெரிக்காவின் சாந்தியாகோ முடிக்காமல் விட்ட தெற்கு 17 முதல் 23 பாகை வரையிலான பட்டையை அது ஏற்றது. ஆர்தர் சாட்வுட், ராபர்ட் போக்காக் ஆகியோருக்குப்பின் 1918இல் டி. பி. பாஸ்கரன் தலைமையேற்றார். பின்னர் ஜெர்மனியின் போட்ஸ்டாமுக்குரிய வடபட்டையிலிருந்தும் 36 முதல் 39 பாகை வரையிலான பகுதியை ஹைதராபாத்தே செய்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். நிலப்பரப்பை இழந்த திருத்தந்தையும், ஆங்கிலேய மேலாதிக்கத்துக்கு உட்பட்ட நிஜாமும் அன்றைய இறையாண்மை ஒழுங்கில் குறைபட்ட அரசர்கள். வானப் படத்தில் இருவருக்கும் மற்ற அரசுகளுக்கு நிகரான இடம் கிடைத்தது. அவ்விடத்துக்குரிய விதிகளை இருவருமே வகுக்கவில்லை. தகட்டின் அளவிலோ பிழை திருத்தும் கணக்கிலோ கத்தோலிக்கம், இஸ்லாம் என்ற வேறுபாட்டுக்கு வேலை இல்லை. நிறுவனம் எழுவதற்கு மதமும் அரசும் காரணமாயின. அளவீட்டின் செம்மையைத் தீர்மானித்தவை பொதுவிதிகள்.

இதை வைத்து, திருச்சபையும் அறிவியலும் இணங்கிவிட்டன என்று முடிவுகட்டலாமா? சகோதரிகள் அளக்கத் தொடங்கிய அதே 1910இல்தான், திருத்தந்தை பத்தாம் பயஸ் குருக்கள்மீது நவீனவாத எதிர்ப்பு உறுதிமொழியைச் சுமத்தினார். விவிலியத்தை வரலாற்று முறையில் ஆய்ந்தவர்கள் ஐயத்துக்குள்ளான காலம் அது. விண்மீன்களின் இடத்தை அளப்பது எந்த மறைக்கோட்பாட்டையும் தொடவில்லை. ஆகவே அது வரவேற்புப் பெற்றது. நூல்களின் காலத்தையும் ஆசிரியரையும் கேட்ட ஆய்வு கோட்பாட்டைத் தொட்டது. ஆகவே அது தடுக்கப்பட்டது. ஒரே ஆண்டில், ஒரே தலைமையின்கீழ் இரண்டும் நிகழ்ந்தன. எனவே 'மதமும் அறிவியலும்' என்ற பொதுத்தலைப்பு ஆய்வுக்கு உதவாது. எந்த அறிவுத்துறை, எந்த ஆண்டு, யாருடைய அதிகாரத்துக்கு எதிராக என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

உழைப்பைப் பற்றிய கேள்வியும் உண்டு. அட்டவணைகளை நாம் இயக்குநர்களின் பெயரால் அறிகிறோம். சகோதரிகளின் கீழ்ப்படிதல், பொறுமை என்னும் துறவறப் பண்புகளே அப்பணிக்கு அவர்களைப் பொருத்தமாக்கின. அவர்களின் பெயர் மறைவதற்கும் அப்பண்புகளே வழிவகுத்தன. நம்பிக்கை அறிவியலுக்குக் கொடுத்தது என்ன என்று கணக்கெடுப்பவர்கள் இந்த இரண்டாவது விளைவையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அந்த அளவீடுகள் வீண்போகவில்லை. பழைய அட்டவணைகளை அமெரிக்கக் கடற்படை வானோக்கு நிலையம் மீண்டும் கணக்கிட்டு ஒன்றிணைத்தது. 2000இல் வெளியான 'டைக்கோ-2' அட்டவணை, ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் தரவுகளோடு அவற்றை ஒப்பிட்டு, ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் விண்மீன்களின் இயக்கத்தைக் கணித்தது. நூறாண்டு இடைவெளியில் ஒரு விண்மீன் எவ்வளவு நகர்ந்தது என்று அறிய பழைய இடம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழைய இடங்களில் ஒரு பகுதி உரோமையில் அளக்கப்பட்டது. ஒரு பகுதி பேகம்பேட்டையில். இந்நகரில் அறிவியல் வரலாறு பயிலும் மாணவர் யாரேனும் பேகம்பேட்டையில் தகடுகளை அளந்தவர்களின் பெயர்களைத் தேடத் துணிந்தால், அது நல்லதொரு ஆய்வேடாகும்.