ஸ்பிரிதோனின் தவக்கால விருந்து

சைப்பிரஸ் தீவின் திரிமித்தூஸ் நகர ஆயராக 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் புனித ஸ்பிரிதோன். ஆயரான பிறகும் ஆடு மேய்ப்பதை விடாதவர். கிறிஸ்தவ வாழ்வில் சட்டத்துக்கு முன்னால் இரக்கம் நிற்கவேண்டும் என்பதற்கு, 5-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் சோசோமென் இவரைப் பற்றி எழுதிவைத்த நிகழ்ச்சி அருமையான சான்று.

தவக்காலத்தில் ஒருநாள், நடந்து களைத்த வழிப்போக்கர் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய கால்களைக் கழுவி உணவு கொடுக்கும்படி மகளிடம் சொன்னார் ஸ்பிரிதோன். நோன்பு நாளாயிற்றே, வீட்டில் ரொட்டியும் இல்லை, மாவும் இல்லை. இருந்தது நோன்பில் விலக்கப்பட்ட உப்பிட்ட பன்றி இறைச்சிதான். முதலில் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு மன்றாடினார். பிறகு அதையே சமைக்கச் சொன்னார். விருந்தாளியைத் தனியே உண்ணவிடாமல் தாமும் உடன் அமர்ந்து சாப்பிட்டார். நிகழ்ச்சியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. விதியை மீறிய பழி பசித்தவர் தலையில் விழாதபடி அதைத் தாமே ஏற்றுக்கொண்டார். தாம் கிறிஸ்தவர் என்று சொல்லி வழிப்போக்கர் தயங்கியபோது, கிறிஸ்தவர் என்பதனாலேயே மறுக்கக்கூடாது என்றார்.

நோன்பை அவர் இகழ்ந்தவரல்லர். அவர் குடும்பமே அந்நாள்களில் உண்ணாமல் நோன்பு காத்தது. கீழைத் திருச்சபை டிசம்பர் 12 அன்று இவர் விழாவைக் கொண்டாடுகிறது.