ஹாம் என்றொரு வசைச்சொல்

“சார், ஹாம்னா என்ன அர்த்தம்?”

ஒவ்வோர் அக்டோபரிலும் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். உலகெங்கும் உள்ள சாரணர்கள் வானொலி வழியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஜம்போரி அந்த மாதத்தில்தான் நடக்கிறது. எங்கள் ஊர் ஹாம் கழகத்தார் பள்ளி மைதானத்துக்குப் போய், இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே 20 மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டி, கார் பேட்டரியில் ‘ரிக்’ என்னும் வானொலிக் கருவியை இணைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைமுன் உட்காரவைப்போம். கம்பி ஏன் 20 மீட்டர், ராத்திரியில் ஏன் தூரத்து ஊர்கள் நன்றாகக் கேட்கின்றன என்பவற்றுக்கெல்லாம் உடனே விடை சொல்லிவிடலாம். பெயருக்குத்தான் உடனடி விடை இல்லை. அது யாரும் ஆசையாகச் சூட்டிய பெயர் அன்று. திட்டாகப் பிறந்த சொல்.

சொல்லுக்குள் போகுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தனக்கென ஒதுக்கப்பட்ட ‘கால்சைன்’ என்னும் அடையாளக் குறியோடு, எந்த வருமானமும் கருதாமல் வானலையில் பேசுபவர் ஹாம். நம் நாட்டில் 12 வயது நிரம்பிய எவரும் அந்தத் தேர்வை எழுதலாம். இந்தியரின் கால்சைன் பெரும்பாலும் ‘வி.யு.’ என்று தொடங்கும். அந்தமானுக்கு ‘வி.யு.4’, லட்சத்தீவுக்கு ‘வி.யு.7’. காசு வாங்கிக்கொண்டு செய்தி அனுப்புவது சட்டப்படி கூடாது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஹாம் என்ற சொல்லுக்குக் கழகக் கூட்டங்களில் புழங்கும் விளக்கங்கள் பல. ஹெர்ட்ஸ், ஆம்ஸ்ட்ராங், மார்க்கோனி என்ற மூன்று மேதைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தது என்பது நம்மூரில் அதிகம் கேட்பது. ஹார்வர்டில் ஹைமன், ஆல்மி, மர்ரே என்ற மூன்று இளைஞர்கள் 1908 வாக்கில் நடத்திய நிலையத்தின் பெயர் என்பது இன்னொன்று. அவர்களில் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் கண்ணீர் மல்கப் பேசி அமெச்சூர்களைக் காப்பாற்றினார் என்று அந்தக் கதை வளரும். லண்டன் பாமரர் ‘அமெச்சூர்’ என்பதன் முன்னால் ஒரு ‘ஹ’ சேர்த்து உச்சரித்ததால் வந்தது என்பாரும் உண்டு.

மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் பிறந்தது 1890இல். அவர் புகழ்பெறக் காரணமான மின்சுற்றை அவர் கண்டறிந்தது 1912இல். ஹாம் என்ற சொல்லோ அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. ஹார்வர்டு கதைக்கு அக்காலத்துச் சான்று எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. முதலெழுத்துகளைக் கூட்டிப் பொருள் சொல்வது பிற்காலத்தாரின் பழக்கம். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்பதை ‘எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்’ என்று விரிப்பதும் அப்படிப்பட்டதே. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று இடைவெளியின்றி ஓடும் மோர்ஸ் ஓசை எவர் காதிலும் தெளிவாக விழும் என்பதற்காக 1906இல் பெர்லின் மாநாடு ஏற்ற குறி அது. அதற்கு விரிவு எதுவும் கிடையாது.

ஹாம் என்பதன் உண்மையான வேர் தந்தி ஆபீசில் இருக்கிறது. ஜி.எம். டாட்ஜ் என்ற அமெரிக்கர் தந்தி பயிலும் மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதினார். வானொலி பரவுவதற்கு முந்தைய நூல் அது. அதில் தந்திக்காரர்களின் குழூஉக்குறிகளுக்குப் பொருள் தந்திருக்கிறார். ஹாம் என்றால் கைத்திறன் இல்லாத தந்திக்காரன் என்பது அவர் தரும் பொருள். ஒரே கம்பியில் பல ஊர்கள் தொங்கிய காலம் அது. அடுத்தவர் அனுப்பி முடிக்குமுன் குறுக்கே புகுபவன், குறிகளை உடைத்து உடைத்துத் தட்டுபவன், சொன்னதையே மூன்று முறை கேட்பவன் ஆகியோரால் மொத்த லைனுக்கும் தொல்லை. மறுமுனையில் இருப்பவன் முகத்தைப் பார்க்க முடியாது, கையின் தாளம் மட்டுமே கேட்கும். அந்தத் தாளத்தைக் கேட்டு எரிச்சலில் சொன்ன சொல் ஹாம். அதே காலத்து அமெரிக்க மேடைகளில் மிகையாக நடித்து ஆட்டத்தைக் கெடுக்கும் நடிகனுக்கும் ஹாம் என்றே பெயர். இரண்டும் ஒரே ஏளனத்தின் இரு கிளைகளாக இருக்கலாம்.

பிறகு கம்பி போயிற்று. தமிழ் அதற்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: கம்பியில்லாத் தந்தி. தந்தி என்பது முதலில் யாழின் நரம்பு, வீணையின் கம்பி. கம்பி வழியே போன செய்திக்கும் அதுவே பெயரானது. கம்பியே இல்லாதபோதும் பெயர் விடவில்லை. கம்பியில்லாக் கம்பி என்று விரியும் ஒரு தொடரை எந்த இடறலும் இல்லாமல் நம் பாட்டனார்கள் பேசினார்கள். கருவிகள் மாறும் வேகத்துக்குச் சொற்கள் மாறுவதில்லை.

தந்தி ஆபீசிலிருந்து கப்பலுக்கும் கரை நிலையத்துக்கும் மாறிப்போன இயக்குநர்கள் தங்கள் பழைய சொற்களையும் மூட்டைகட்டிக்கொண்டு போனார்கள். உரையாடலை முடிக்கையில் நாங்கள் இன்றும் சொல்லும் ‘செவன்டி த்ரீ’ அந்த மூட்டையில் வந்ததுதான். ‘அன்பான வணக்கங்கள்’ என்பதற்குத் தந்திக்காரர்கள் வைத்திருந்த எண் 73. ஹாம் என்ற வசையும் அதே மூட்டையில் வந்தது. அந்நாளில் வீட்டு மாடியில் தாமே கட்டிய ஸ்பார்க் கருவியால் பையன்கள் பொறி தட்டினால் அக்கம்பக்கத்து வானலை முழுக்க இரைச்சலாகிவிடும். கப்பலோடு பேசிக்கொண்டிருந்த சம்பள இயக்குநருக்கு ஒரு சொல்லும் கேட்காது. “ஹாம்கள் கெடுக்கிறார்கள்” என்று அவர் திட்டினார். வசைக்கு உரிய பொருளைப் பையன்கள் அறிந்தார்களோ இல்லையோ, தங்களைத்தான் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. அதையே பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

1912இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்து அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களுக்குத் தள்ளியது. தொலைவு போகாத, உபயோகமற்ற அலைகள் என்பது அன்றைய நிபுணர் முடிவு. ஊருக்கு வெளியே களர் நிலத்தை ஒதுக்கிக் கொடுத்ததுபோல. அந்த நிலத்தில்தான் புதையல் இருந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சிற்றலைகள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்துக் கடற்கரையில் கேட்டன. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து அமெச்சூர் ஒருவரும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து அமெச்சூர் ஒருவரும் கடலுக்கு இருபுறமும் இருந்து பேசிக்கொண்டார்கள். வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலையே உலகைச் சுற்றும் என்பதைக் காசு வாங்காத கைகள் காட்டின. அதன்பின் ஹாம் என்ற சொல்லில் ஏளனம் தங்க இடமில்லாமல் போனது.

இந்த ஏளனத்தின் அடியில் இன்னொரு சொல் கிடக்கிறது: அமெச்சூர். லத்தீனில் அன்பு செய்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நேசிப்பவர் என்பது நேர்ப்பொருள். செய்யும் வேலைக்குக் கூலி இல்லாததால், திறமையும் இல்லாதவர் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

தமிழகத்தில் அமெச்சூர் என்ற சொல் பரவியது நாடக மேடையில். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஊதியமின்றி மேடையேறினார்கள். கூலிக்கு நடித்தவரைக் கூத்தாடி என்று இழிவுசெய்த சமூகம், கூலியின்றி நடித்தவரை மதித்தது. வானலையில் சம்பளக்காரன் மேல், அமெச்சூர் கீழ். சென்னை நாடக மேடையில் அப்படியே தலைகீழ். இரண்டு இடத்திலும் மதிப்பை முடிவுசெய்தது செய்த வேலை அன்று, கூலி வாங்கினாரா என்ற கணக்கு. இரண்டு கணக்குமே அநியாயம்.

வானொலியிலும் தமிழகத்துக்கு அமெச்சூர் தொடக்கம் உண்டு. இந்தியரில் அமெச்சூர் உரிமத்தை முதலில் பெற்றவர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து, ஆண்டு 1921. மூன்றே ஆண்டில், 1924இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றது. அதன் கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை மீண்டும் நடத்தியது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938இல்தான். அரசு வருமுன் ஆர்வம் வந்துவிட்டது.

ஆர்வம் என்று எழுதும்போதே தமிழ்ச் சொல் கைக்கு வந்துவிடுகிறது. அமெச்சூர் வானொலியைத் தன்னார்வ வானொலி என்றும், ஹாமை வானொலி ஆர்வலர் என்றும் இன்று எழுதுகிறோம். ஆர்வலர் என்றால் பொழுதுபோக்காக ஈடுபடுபவர் என்ற அளவில்தான் பலரும் கொள்கிறார்கள். சொல்லின் பழைய பொருள் அதைவிட ஆழம். திருக்குறளின் 8ஆம் அதிகாரம் அன்புடைமை. அதன் முதற்குறளிலேயே, நூலின் 71ஆம் குறளில், ஆர்வலர் வருகிறார். அங்கே அவர் அன்பு உடையவர். பிறர் துன்பம் கண்டு கண்ணில் நீர் கசிபவர். 74ஆம் குறள் அன்பிலிருந்து ஆர்வமும், ஆர்வத்திலிருந்து நட்பும் பிறப்பதாக வழி சொல்கிறது. லத்தீன்காரர் வேர்ப்பொருளாக வைத்ததை வள்ளுவர் நேர்ப்பொருளாகவே வைத்திருக்கிறார். அமெச்சூர் என்பதற்கு ஆர்வலர் என்பதைவிடச் சரியான தமிழ் இருக்க முடியாது.

கூடவே வரும் கழகம் என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்றால் சூதாடுமிடம். கம்பர் காலத்துக்குள் கலை பயிலும் இடமாகவும் வழங்கியது. இன்று பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. ஆக, ஹாம் கழகம் என்ற தொடரில் இரண்டு சொற்களுமே தாழ்ந்த பொருளிலிருந்து ஏறி வந்தவை. சொற்கள் தாமாக ஏறுவதில்லை. அவற்றைத் தாங்கியவர்கள் வாழ்ந்த விதம்தான் ஏற்றுகிறது.

ஹாம் என்ற சொல்லை எங்கள் தலைமுறைக்கு ஏற்றித் தந்த நாள் 2004 டிசம்பர் 26. ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்த மாதத் தொடக்கத்தில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. நீண்ட காலமாக அமெச்சூர் குரலே எழாத அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவது நோக்கம். எங்களுக்கு அது திருவிழா. அரிய இடத்திலிருந்து வரும் ஒரு குரலைப் பிடிக்க இரவெல்லாம் காத்திருப்போம். 26ஆம் தேதி காலை ஆறரை மணிவாக்கில் பூமி ஆடியது, பின் கடல் ஏறியது. தீவுகளின் மின்சாரமும் தொலைபேசியும் வீழ்ந்தன. திருவிழாவுக்குப் போன கருவியே அந்தமானையும் பெருநிலத்தையும் இணைக்கும் இழையாயிற்று. யார் பிழைத்தார், யாரைக் காணோம், எங்கே என்ன வேண்டும் என்ற செய்திகள் அதன் வழியே போயின. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இங்கே நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கரையே சுடுகாடாகிக் கிடந்த அதே நாளில், கடல் தாண்டி உறவு வைத்திருந்த எத்தனையோ வீடுகள் ஒரே ஒரு வரிக்காகக் காத்திருந்தன: நலமாக இருக்கிறோம்.

2001இல் பூஜ் நிலநடுக்கம், 2015இல் சென்னை வெள்ளம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றே. செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், கேபிள் வேண்டும், அவை சேரும் நிலையம் வேண்டும். ஒன்று அறுந்தாலும் கையிலிருக்கும் போன் வெறும் விளக்கு. ஹாம் கருவிக்கு நடுவில் யாரும் தேவையில்லை. இந்தப் பக்கம் ஒரு பேட்டரியும் கம்பியும், அந்தப் பக்கம் ஒரு பேட்டரியும் கம்பியும் போதும். 7 மெகாஹெர்ட்ஸில், தாழக் கட்டிய கம்பியிலிருந்து எழும் அலை நேர்மேலே போய்த் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் வட்டத்தில் மழைபோல் இறங்கும். மலையும் வெள்ளமும் அதை மறிக்காது.

ஆனால் கருவி பாதிதான். மறுபாதி பழக்கம். அதற்காகத்தான் ஒவ்வொரு கழகமும் ஆபத்தில்லாத நாளிலும் ‘நெட்’ நடத்துகிறது. ஒருவர் கன்ட்ரோல் நிலையமாக இருப்பார். அவர் அழைத்தவர் மட்டும் பேசுவார். அவசரச் செய்தி உள்ளவர் ‘பிரேக்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவார். செய்தியை எழுத்தெழுத்தாகச் சொல்லி, எழுதிக்கொண்டவர் திருப்பிப் படித்து, சரி என்ற பிறகே அடுத்தவர். பேரிடர் நாளில் அந்த அலைவரிசையில் நூறு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். உதவ முடியாதவர் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த மௌனம்.

இங்கேதான் சொல்லின் வட்டம் முழுமையாகிறது. தந்தி ஆபீசின் ஹாம் யார்? அடுத்தவர் பேசும்போது குறுக்கே புகுந்தவன். இன்றைய ஹாமுக்கு முதல் பாடம் என்ன? பேசுமுன் கேள். வசையின் பொருளை நேருக்கு நேராகத் திருப்பிப்போட்டு, அதையே ஒழுக்கமாக்கிக்கொண்டார்கள் என் முன்னோடிகள். இந்தியத் தந்தி 2013 ஜூலையில் தன் கடைசிச் செய்தியை அனுப்பி ஓய்ந்தது. தந்தி ஆபீஸ் திட்டிய சொல் மட்டும் கௌரவத்தோடு உயிர்வாழ்கிறது.

கேள்வி கேட்ட பிள்ளை இன்னும் மேசைமுன் நிற்கிறது. “சரியா வேலை தெரியாதவன்னு அர்த்தம்மா” என்று உண்மையைச் சொல்வேன். “வேலை தெரிஞ்சவங்க நம்மளை அப்படித் திட்டினாங்க. நாம கத்துக்கிட்டோம், பேரை மாத்திக்கலை.” பிறகு மைக்கைக் கையில் கொடுப்பேன். பிள்ளை உடனே பொத்தானை அழுத்தப் போகும். கையைப் பிடித்து நிறுத்தி, ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.

“முதல்ல கேளு. யாராவது பேசுறாங்களான்னு.”

இரைச்சலுக்குள் இருவரும் காது கொடுத்திருப்போம்.